பாஸ்வேர்டை இன்னொருவரிடம் சொல்லவைக்காத செயலி

நீங்கள் கேட்டது இது: சிறு குழுவாக ஒரு பாஸ்வேர்டு மேனேஜர் (பாஸ்வேர்டுகளைப் பூட்டிவைக்கும் செயலி) செய்துவருகிறீர்கள், என்க்ரிப்ட் செய்த, அதாவது அனுப்புபவரும் பெறுபவரும் மட்டுமே படிக்கக்கூடிய செய்திப் பரிமாற்றமும் அதில் சேரப்போகிறது. பார்வையற்றவர்களும் பார்வை குறைந்தவர்களும் அதைப் பயன்படுத்த என்னென்ன கவனிக்க வேண்டும், அவர்களுக்கென்று தனியாக ஓர் எளிய பதிப்பு விட்டால் போதாதா?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். தனிப் பதிப்பு வேண்டவே வேண்டாம். அது சீக்கிரமே கேட்பாரற்றுப் போய்விடும்; பாதுகாப்புத் திருத்தங்கள் முதன்மைப் பதிப்புக்கு உடனே போகும், இதற்கு எப்போதாவது வரும். இன்னொன்றும் உண்டு. தனிப் பதிப்பிலிருந்து சர்வருக்கு வருகிறவர் பார்வையற்றவர் என்பது சர்வருக்குத் தெரிந்துவிடும். பிரைவசிக்காகச் செய்த செயலி, ஆள் யார் என்று முதல் வேலையாகக் காட்டிக்கொடுத்த மாதிரி ஆகும்.

மற்றதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் மென்பொருளான ஸ்கிரீன் ரீடர் வைத்துத்தான் நான் நாள் முழுக்க வேலை பார்க்கிறேன். இந்த மாதிரிச் செயலிகளைச் சோதித்துக் குறை எழுதிக்கொடுப்பதும் வேலையில் ஒரு பகுதி.

யாரிடமிருந்து பாதுகாக்கிறோம் என்று உங்கள் குழு ஒரு பட்டியல் போட்டிருக்கும். ஹேக்கர், விளம்பர நிறுவனம், போனைத் திருடியவன் என்று அதில் இருப்பார்கள். இன்னொருவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: உதவ வந்தவர். ஒரு பட்டனுக்குப் பெயர் இல்லை, ஒரு கட்டத்தில் படத்தைப் பார்த்தே ஆக வேண்டும் என்றால் எங்களுக்கு வேறு வழி கிடையாது. வீட்டில் தம்பியைக் கூப்பிடுவோம், ஆபீஸில் பக்கத்து சீட்டுக்காரரைக் கேட்போம், இல்லையென்றால் பிரவுசிங் சென்டரில் இருப்பவரிடம் போனையே நீட்டுவோம். அவர் தங்கமானவராகவே இருக்கட்டும். எல்லாவற்றையும் திறக்கும் மாஸ்டர் பாஸ்வேர்டோ ஓடிபியோ அவர் காதுக்கும் கண்ணுக்கும் போய்விட்டது. நீங்கள் போட்ட 256 பிட் என்க்ரிப்ஷன் அந்த இடத்தில் செல்லாக்காசு. அதனால் இப்படி எங்களைப் பயன்படுத்தவிடாமல் தடுக்கும் அணுகல் குறைகளை 'பிறகு பார்த்துக்கொள்ளலாம்' வரிசையில் போடாதீர்கள். ரகசியம் கசிகிற ஓட்டை என்று முத்திரை குத்தி, மற்ற பாதுகாப்பு ஓட்டைகளோடு சேர்த்தே பதியுங்கள். நான் சொல்லப்போகிற எல்லாம் இந்த ஒரு விஷயத்திலிருந்து வருவதுதான்.

பாஸ்வேர்டு கட்டத்திலிருந்தே தொடங்கலாம். வலைப்பக்கம் எழுதும் எச்டிஎம்எல் மொழியில் அதற்கென்று உள்ள பாஸ்வேர்டு வகையைப் பயன்படுத்தினால், தட்டும் ஒவ்வொரு எழுத்துக்கும் என்விடிஏ என்ற விண்டோஸ் ஸ்கிரீன் ரீடர் 'ஸ்டார், ஸ்டார்' என்றுதான் சொல்லும். சிலர் அழகுக்காகவோ, பிரவுசர் பாஸ்வேர்டைச் சேமிக்கக் கூடாது என்பதற்காகவோ, சாதாரண எழுத்துக் கட்டத்தை வைத்து, பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் சிஎஸ்எஸ் மூலம் புள்ளி புள்ளியாகத் தெரியும்படி செய்துவிடுகிறார்கள். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். ஸ்கிரீன் ரீடருக்கு அது வெறும் எழுத்து. நான்கு இலக்க பின் நம்பரையும் பஸ்ஸில் எல்லோருக்கும் கேட்க உரக்க வாசித்துவிடும். குறை எழுதும்போது நான் முதலில் தேடுவது இதைத்தான். உங்கள் செயலியில் இருந்தால் இன்றைக்கே மாற்றுங்கள்.

அடுத்து, 'காட்டு' பட்டன், அந்தக் கண் படம். அதற்குப் பெயர் வேண்டும், இப்போது காட்டுகிற நிலையா மறைக்கிற நிலையா என்பதும் கேட்க வேண்டும். அதைவிட முக்கியம், பாஸ்வேர்டைக் காட்டாமலே காப்பி செய்ய வழி இருப்பது. கண் தெரிந்தவர் கையால் திரையை மறைத்துக்கொண்டு பார்த்துவிடுவார். இயர்போன் மாட்டாத நேரத்தில் எங்கள் போன் பேசினால் அதை மறைக்கக் கை போதாது. காப்பி ஆனதும் திரையின் ஓரத்தில் ஒரு சின்னச் செய்தி வந்து மறையும் இல்லையா, அதை ஆரியா-லைவ் என்ற குறி போட்ட பகுதியாக வையுங்கள், ஸ்கிரீன் ரீடர் தானாகச் சொல்லும். அதில் 'பாஸ்வேர்டு காப்பி ஆனது' என்று மட்டும் இருக்கட்டும். பாஸ்வேர்டையே அதில் எழுதிவைத்த புண்ணியவான்களும் உண்டு. திரையை ஐந்து மடங்கு பெரிதாக்கி வைத்திருக்கும் பார்வை குறைந்தவருக்கு அந்த ஓரச் செய்தி தெரியவே தெரியாது, ஏனென்றால் அவர் பார்க்கும் ஜன்னல் வேறு மூலையில் இருக்கும். செய்தியை பட்டனுக்குப் பக்கத்திலேயே காட்டினால் அவருக்கும் ஆயிற்று. அவருக்கு இன்னொரு தொல்லையும் உண்டு: பெரிதாக்கிய எழுத்து நாலு வரிசை தள்ளி உட்கார்ந்திருப்பவருக்கும் தெரியும். செய்தி முன்னோட்டத்தை மறைக்கும் வசதி அவருக்குத்தான் அதிகம் தேவைப்படும்.

பாஸ்வேர்டின் வலிமையைச் சிவப்பிலிருந்து பச்சைக்கு மாறும் பட்டையால் மட்டும் காட்டாதீர்கள். 'பலவீனம்', 'பரவாயில்லை' என்று எழுத்திலும் சொல்லுங்கள்.

ஓடிபிக்கு ஆறு தனித்தனிப் பெட்டிகள் வைப்பது இப்போது நாகரிகமாகிவிட்டது. அதை ஸ்கிரீன் ரீடரில் கேட்டுப்பாருங்கள். முதல் பெட்டியில் ஓர் எண்ணைத் தட்டுவோம். அது அந்த எண்ணைச் சொல்லி முடிப்பதற்குள் கர்சர் தானாக அடுத்த பெட்டிக்குத் தாவும், உடனே 'எடிட், காலி' என்று சொல்லும். எந்தப் பெட்டியில் இருக்கிறோம், முந்தையது சரியாக விழுந்ததா என்பது தெரியாது. ஒட்டப் பார்த்தால் ஆறு இலக்கத்தில் ஒன்றுதான் விழும். ஒரே கட்டமாக வையுங்கள், ஓடிபி தானாக நிரம்புவதற்கான குறிப்பையும் சேருங்கள். ஓடிபி மாதிரியான குறியீட்டைப் போனிலேயே உருவாக்கித் தரும் அங்கீகாரச் செயலியில் குறியீடு 30 வினாடிக்கு ஒருமுறை மாறும். அதைத் தேடிக் கேட்டு, காப்பி செய்து, செயலி மாறி ஒட்டுவதற்குள் நேரம் முடிந்துவிடுவது எங்களுக்கு வாடிக்கை. முந்தைய குறியீட்டையும் சர்வர் கொஞ்ச நேரம் ஏற்றுக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீரும். பாஸ்வேர்டுக்கு மேல் இந்த இரண்டாம் அடுக்குப் பாதுகாப்பைத் தொடங்கும்போது க்யூஆர் படம் மட்டும் காட்டாமல், அதில் அடங்கிய சாவியை எழுத்தாகவும் கொடுங்கள். வலை அணுகலுக்கான சர்வதேச நெறிமுறை டபிள்யூசிஏஜி; 2023 அக்டோபரில் வந்த அதன் 2.2 பதிப்பு உள்நுழைவுக்கென்றே ஒரு விதியைச் சேர்த்திருக்கிறது. அதன் சாரம், நினைவில் வைத்துத் தட்டச் சொல்லாதே, பாஸ்வேர்டு மேனேஜரையும் ஒட்டுவதையும் தடுக்காதே என்பது. 'பாதுகாப்புக்காக' ஒட்டுவதைத் தடுக்கும் தளங்கள் இன்னும் இருக்கின்றன. அதனால் யாருக்குப் பாதுகாப்பு என்று எனக்குப் புரிந்ததில்லை.

உங்கள் செய்திப் பகுதியில் எதிர்முனையில் இருப்பவரைச் சரிபார்க்கும் வசதி இருக்கும். சிக்னல் என்ற செய்திச் செயலியில் அது 60 இலக்க எண், ஐந்து ஐந்தாகப் பன்னிரண்டு தொகுதி; இருவரிடமும் அது ஒன்றாக இருக்கிறதா என்று ஒப்பிட வேண்டும். பார்க்கிற இருவர் க்யூஆரை ஸ்கேன் செய்துவிட்டுப் போய்விடுவார்கள். எங்களுக்கோ கேமராவை எங்கே நீட்டுவது என்பதே கேள்வி. சரி, எண்ணைக் கேட்டு ஒப்பிடலாம் என்றால், சில குரல்கள் 37482 என்பதை 'முப்பத்தேழாயிரத்து நானூற்று எண்பத்திரண்டு' என்று தொகையாக வாசிக்கும். எதிரில் இருப்பவர் 'மூன்று ஏழு நான்கு' என்று சொல்லிக்கொண்டிருப்பார். மூன்றாவது தொகுதியில் இருவருமே தடம் மாறிவிடுவார்கள். ஆண்ட்ராய்டிலும் ஐஓஎஸ்ஸிலும் ஓர் எண்ணை இலக்கம் இலக்கமாக வாசிக்கச் சொல்லும் வசதி ஏற்கெனவே இருக்கிறது, பயன்படுத்துங்கள். ஒவ்வொரு தொகுதியும் தனித்தனியாகத் தொட்டுக் கேட்கும்படி இருக்கட்டும். அறுபதையும் ஒரே மூச்சில் வாசித்தால் பிடிக்க முடியாது. இன்னும் நல்ல வழி, ஒப்பிடும் வேலையைச் செயலியிடமே விடுவது: எண்ணை வேறொரு வழியாக அனுப்பவும், வந்ததைக் கிளிப்போர்டிலிருந்து ஒப்பிடவும் ஒரு பட்டன். வாட்ஸ்அப் 2023இல் என்க்ரிப்ஷன் சாவிகளைத் தானாகவே சரிபார்க்கும் முறையை அறிவித்தது. எல்லோருக்கும் அது வசதி, எங்களுக்கு அதுதான் உண்மையில் செய்து முடிக்கக்கூடிய சரிபார்ப்பு.

மனிதரா இயந்திரமா என்று சோதிக்கும் கேப்ட்சாவைப் பற்றிக் கொஞ்சம் அதிகம் பேச வேண்டும், ஏனென்றால் பிரைவசியும் அணுகலும் நேருக்கு நேர் மோதிக்கொள்வது அங்கேதான். படத்தைப் பார்த்து விடை சொல்லச் சொல்வது எங்களுக்கு மூடிய கதவு என்று, இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2005இலேயே ஒரு குறிப்பில் சொல்லிவிட்டது. மாற்றாக ஒலிக் கேப்ட்சா வந்தது. இரைச்சலுக்கு நடுவே ஏதோ ஆங்கிலச் சொற்கள். அதோடு நம் ஸ்கிரீன் ரீடரும் பேசிக்கொண்டிருக்கும். சரி, பழகிக்கொள்ளலாம். இப்போது, நம் இணைய முகவரியை மறைக்கும் விபிஎன் அல்லது டோர் போட்டுக்கொண்டு, கூகுளின் கேப்ட்சாவான ரீகேப்ட்சாவைத் திறந்து ஒலிப் பட்டனை அழுத்துங்கள். 'உங்கள் கணினியோ நெட்வொர்க்கோ தானியங்கிக் கோரிக்கைகள் அனுப்பக்கூடும், பிறகு முயலுங்கள்' என்று வந்து நிற்க வாய்ப்பு அதிகம். பார்க்கிறவருக்குப் படம் தொடர்ந்து வரும்; நாலைந்து படம் கூடுதலாகச் சொடுக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான். எங்களுக்கு இருந்த ஒரே வழியும் அடைபடும். முகவரியை மறைக்க வேண்டுமா, உள்ளே போக வேண்டுமா, இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள் என்றாகிவிடுகிறது. காதும் கேட்காமல், விரலால் தொட்டு பிரெய்ல் டிஸ்பிளேவில் படிப்பவருக்கு ஆரம்பத்திலிருந்தே இரண்டும் இல்லை.

எச்கேப்ட்சா என்ற இன்னொரு கேப்ட்சா சேவை வேறொரு வழி வைத்தது: மின்னஞ்சல் கொடுத்துப் பதிந்துகொண்டால் ஒரு குக்கீ, அதாவது பிரவுசரில் தங்கும் அடையாளக் குறி கிடைக்கும், அது இருந்தால் படம் கேட்காது. நல்லெண்ணம்தான், மறுக்கவில்லை. ஆனால் பார்வைக் குறைபாடு உள்ளவர் மட்டும் மின்னஞ்சலைப் பதிந்து, தளம் தளமாகக் கூடவே வரும் ஒரு குக்கீயைச் சுமக்க வேண்டும். தளம் தாண்டும் குக்கீகளைத் தடுப்பதுதானே பிரைவசி பிரவுசர்களின் முதல் வேலை? தடுத்தால் படம், விட்டால் பின்தொடர்தல்.

டோர் திட்டத்துக்கும் இந்தச் சங்கடம் இருந்தது. தடை உள்ள நாடுகளில் டோருக்குள் நுழைய 'பிரிட்ஜ்' என்ற மறைவான நுழைவு வழியின் முகவரி வேண்டும். அதை இணையதளத்தில் கேட்டால் நீண்ட காலம் படக் கேப்ட்சாதான் வந்தது. மின்னஞ்சலில் கேட்டு வாங்கும் வழியும் இருந்ததால் தப்பித்தோம். 2022இல் வந்த டோர் பிரவுசர் 11.5 பதிப்பில், இருக்கும் இடத்துக்கு ஏற்ற பிரிட்ஜைப் பிரவுசரே தேர்ந்தெடுக்கும் வசதி வந்தது. இதைத்தான் உங்களுக்கும் சொல்வேன்: படியை எங்களுக்காக எளிதாக்குவதைவிட, முடிந்தால் படியையே எடுத்துவிடுங்கள். பாட்களை, அதாவது தானியங்கி நிரல்களைத் தடுக்க, பயனாளியின் கணினி பின்னணியில் ஒரு சின்னக் கணக்கைப் போட்டுக் காட்டும் முறைகள் இருக்கின்றன. யாருடைய கண்ணையும் காதையும் அவை கேட்பதில்லை. பழைய போனில் கொஞ்சம் மெதுவாக இருக்கும், பரவாயில்லை.

டோர் பிரவுசர் பேச்சு வந்ததால் இன்னொன்று. 2018இல் 8.0 பதிப்பு வந்தபோது விண்டோஸில் ஸ்கிரீன் ரீடருக்கு அது ஊமையாகிவிட்டது. 2019 மே மாதம் 8.5 வரும்வரை நிலையான பதிப்பில் அப்படியே இருந்தது. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்ததில்லை. இடைப்பட்ட காலத்தில் ஒரு பார்வையற்ற பத்திரிகையாளர் என்ன செய்திருப்பார்? பழைய பதிப்பை வைத்திருப்பார், அல்லது சாதாரண பிரவுசருக்குத் திரும்பியிருப்பார். இரண்டுமே ஆபத்து. ஆகவே ஒவ்வொரு வெளியீட்டுக்கும் முன்பு ஸ்கிரீன் ரீடரோடு ஒருமுறை முழுக்க நடந்துபாருங்கள். ஒருமுறை சரிசெய்த பெயர் அடுத்த அப்டேட்டில் காணாமல் போவது சர்வசாதாரணம்.

டோர் போன்ற பிரவுசர்களில் தீர்வு எளிதாகக் கிடைக்காத இடமும் ஒன்று உண்டு. எல்லோரும் ஒரே மாதிரி தெரிந்தால்தான் யாரையும் தனியாக அடையாளம் காண முடியாது என்பது அவற்றின் அடிப்படை. அதற்காக ஜன்னல் அளவை ஒரே படிகளுக்குள் அடக்குகிறார்கள், 'அசைவு குறைவாக வேண்டும்' போன்ற விருப்பங்களைத் தளங்களிடம் சொல்லாமல் மறைக்கிறார்கள். பார்வை குறைந்தவருக்கோ தனக்கென்று ஒரு நிறம், ஒரு எழுத்தளவு, ஒரு ஜன்னல் அளவு இல்லாமல் படிக்க முடியாது. என் கருத்து: பயனாளியிடம் நேர்மையாகச் சொல்லிவிட்டு முடிவை அவரிடமே விடுங்கள். 'இந்த அமைப்பை மாற்றினால் தளங்கள் உங்களை அடையாளம் காண்பது சற்று எளிதாகும்' என்று ஒரு வரி போதும். மறைமுகமாகத் தடுத்துவைப்பது அவமரியாதை. ஸ்கிரீன் ரீடர் ஓடுகிறதா என்று வலைத்தளம் நேரடியாகக் கேட்க வழி இல்லாதபடி வைத்திருப்பது ஒரு நல்ல ஏற்பாடு. போன் செயலிகளுக்கு அந்தத் தடை கிடையாது. ஐபோனின் ஸ்கிரீன் ரீடரான வாய்ஸ்ஓவரோ ஆண்ட்ராய்டின் டாக்பேக்கோ இயங்குகிறதா என்று அவை கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். திரையை ஒழுங்குபடுத்த அந்தத் தகவலைப் பயன்படுத்துங்கள், பயன்பாட்டுப் புள்ளிவிவரத்தில் சேர்த்து சர்வருக்கு அனுப்பாதீர்கள். அது ஒருவரின் உடல்நலத் தகவல்.

பயர்பாக்ஸில் சில ஆண்டுகள் பிரைவசி பக்கத்திலேயே ஒரு தேர்வுப்பெட்டி இருந்தது, ஸ்கிரீன் ரீடர் போன்ற அணுகல் சேவைகள் பிரவுசருக்குள் வராமல் தடுக்க. பிரைவசிக்கு நல்லது என்று நம்பி ஒரு பார்வையற்றவர் அதை டிக் செய்து மறுபடி தொடங்கினால், பிரவுசர் பேசாது. டிக்கை எடுக்கவும் கண் தெரிந்தவர் வர வேண்டும். அந்தப் பெட்டிக்குப் பின்னால் இருந்த பயம் நியாயமானது. திரையில் உள்ளதையெல்லாம் வாசிக்கும் அனுமதி ஸ்கிரீன் ரீடருக்குக் கிடைக்கிறது. அதே அனுமதியை வாங்கிக்கொண்டுதான் ஆண்ட்ராய்டில் வங்கித் திருட்டுச் செயலிகளும் வேலை செய்கின்றன. அதற்காக, எந்த அணுகல் சேவை ஓடினாலும் மூடிக்கொள்ளும் நிதிச் செயலிகள் வந்துவிட்டன. டாக்பேக்கை அணைத்தால்தான் செயலி திறக்கும், அணைத்தபின் திறந்து நான் என்ன செய்ய? ஆண்ட்ராய்டு 14 இதற்கு ஓர் ஒழுங்கான வழி தந்திருக்கிறது: ஒரு பகுதியை 'அந்தரங்கமானது' என்று குறித்தால், உண்மையான அணுகல் கருவி என்று அறிவித்த சேவைகள் மட்டுமே அதைப் படிக்கும். பாஸ்வேர்டுகள் இருக்கும் உங்கள் பெட்டகத் திரைக்கு இதைப் பயன்படுத்துங்கள்.

பாதுகாப்பும் அணுகலும் இப்படி மோதும்போது எப்படிக் கையாளலாம் என்பதற்கு சிக்னலே நல்ல உதாரணம். விண்டோஸ் 11இல் மைக்ரோசாப்டின் ரீகால் என்ற வசதி, திரையைத் தானாகப் படம்பிடித்துச் சேமிக்கும் என்பதால், 2025 மே மாதம் சிக்னல் டெஸ்க்டாப் தன் திரையைப் படம்பிடிக்க முடியாதபடி ஆக்கியது. சில ஸ்கிரீன் ரீடர்களும் உருப்பெருக்கிகளும் இதனால் சரியாக வேலை செய்யாமல் போகலாம் என்று அறிவிப்பிலேயே ஒப்புக்கொண்டு, வேண்டாதவர்கள் அணைத்துக்கொள்ள வழியும் வைத்தது. முழுத் தீர்வு இல்லை. ஆனாலும் யாருக்கு என்ன இடைஞ்சல் என்று முன்கூட்டியே யோசித்தது தெரிகிறது.

பட்டன், கட்டம் போன்றவற்றைத் தரும் எந்த நிரல் கருவிப்பெட்டியில் திரையை வரைகிறீர்கள் என்பதை முதல் வாரத்திலேயே முடிவு செய்யுங்கள். விண்டோஸில் ஜிடிகே என்ற கருவிப்பெட்டிக்கு ஸ்கிரீன் ரீடர் ஆதரவு 2025இல் 4.18 பதிப்போடுதான் வந்தது. அதற்கு முன்பு செய்த செயலிகள் விண்டோஸில் எங்களுக்கு வெற்றுச் சுவர், பட்டனுக்கு எத்தனை பெயர் வைத்தாலும் பயனில்லை. சின்னக் கருவிகளிலும் கண்ணி இருக்கும். தொலைவிலுள்ள கணினிக்குள் நுழைவதற்கான எஸ்எஸ்எச் சாவியை உருவாக்கும் புட்டிஜென், ஒழுங்கற்ற எண்களுக்காக மவுஸை வெற்றுப் பகுதியின் மேல் அசைக்கச் சொல்கிறது. கீபோர்டிலேயே வாழ்கிறவர் அந்த வெற்றுப் பகுதியை எங்கே போய்த் தேடுவது? இதனால்தான் என் நண்பர்களில் பலர், கட்டளைகளைத் தட்டியே வேலை வாங்கும் கமாண்ட் லைனோடு நின்றுவிட்டார்கள். எழுத்து உள்ளே, எழுத்து வெளியே, சண்டையே இல்லை.

தமிழில் செயலி விடுவதானால் இதையும் பாருங்கள். பட்டனில் தெரியும் சொல்லைத் தமிழாக்கிவிட்டு, ஸ்கிரீன் ரீடருக்கான மறைவான பெயரை ஆங்கிலத்திலேயே விட்டுவிடுவது எங்கும் நடக்கிறது. வலைப்பக்கத்தில் மொழிக் குறி இல்லையென்றால் ஆங்கிலக் குரல் தமிழ் எழுத்தை விழுங்கிவிட்டு அமைதியாகத் தாண்டிப்போகும். 'எல்லாவற்றையும் நிரந்தரமாக அழிக்கவா?' என்ற கேள்வி காதில் விழாமலே போய், 'பட்டன்' என்று மட்டும் காதில் விழும். என்விடிஏ-வோடு வரும் ஈஸ்பீக் என்ற குரல் மென்பொருளில் தமிழ் இருக்கிறது, குரல் இயந்திரத்தனமாக இருந்தாலும் இணையம் இல்லாமல் ஓடும். பிரைவசி பார்ப்பவர்களுக்கு அது பெரிய விஷயம்.

சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாக. 2025 ஏப்ரல் 30 அன்று, உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அமர்வு, டிஜிட்டல் அணுகல் வாழ்வுரிமையின் பகுதி என்று தீர்ப்பளித்தது. வாடிக்கையாளரை அடையாளம் சரிபார்க்க, கேமரா முன் கண் சிமிட்டச் சொல்லும் கேஒய்சி முறைக்கு எதிராக வந்த வழக்குகள் அவை. உங்கள் கணக்கு மீட்பு முறையில் முகத்தைக் காட்டு, கண்ணைச் சிமிட்டு என்றெல்லாம் இருந்தால் மாற்று வழி வையுங்கள். 2023இன் தனிநபர் தரவுச் சட்டம், சட்டப்படி பாதுகாவலர் உள்ள மாற்றுத்திறனாளியின் தரவுக்குப் பாதுகாவலரின் சம்மதம் கேட்கிறது. இதைத் தப்பாகப் படித்துவிட்டு, பதிவுப் படிவத்தில் 'நீங்கள் மாற்றுத்திறனாளியா, பாதுகாவலர் யார்' என்று எல்லோரையும் கேட்க ஆரம்பிக்காதீர்கள். பெரும்பாலான பார்வையற்றவர்களுக்குப் பாதுகாவலர் என்று யாரும் கிடையாது, தேவையும் இல்லை.

சோதனைக்கு: என்விடிஏ இலவசம், இறக்கிக்கொள்ளுங்கள். அதிலேயே திரையைக் கருப்பாக்கும் வசதி இருக்கிறது. எங்களுக்கு அது, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் எட்டிப் பார்க்காமல் தடுக்கும் பிரைவசி கருவி. உங்களுக்குச் சோதனைக் கருவி. அதைப் போட்டுவிட்டு, புதுக் கணக்கு தொடங்கி, ஒரு பாஸ்வேர்டைச் சேமித்து, இன்னொரு தளத்தில் உள்நுழைந்து, கடைசியில் கணக்கை அழித்துப்பாருங்கள். தானியங்கிச் சோதனைகள் பெயரில்லாத பட்டனைப் பிடிக்கும், 'பட்டன் 7' என்று பெயர் வைத்த பட்டனைப் பிடிக்காது. அப்புறம் எங்களில் இரண்டு மூன்று பேரைக் கூப்பிட்டுச் சோதிக்கச் சொல்லுங்கள், சம்பளம் கொடுத்து. சேவை மனப்பான்மையில் செய்வார்கள் என்று எதிர்பார்ப்பது மற்ற பாதுகாப்புச் சோதனையாளர்களிடம் நீங்கள் செய்யாத காரியம்.

இதையெல்லாம் செய்த பிறகும் குறை இருக்கும், நாங்கள் எழுதுவோம். அதற்காக நீங்கள் வைத்திருக்கும் குறை தெரிவிக்கும் படிவத்தை ஒருமுறை திறந்துபாருங்கள். அடியில் படக் கேப்ட்சா இருக்கிறதா?